நகர்த் தோட்டங்களிற் பூச்சிகளைப் பேணலும் கணக்கெடுத்தலும்

"பூசணி நிறையப் பூத்தும் பிஞ்சு வெம்பி உதிர்கின்றது, எப்பசளை இடலாம்?" என வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுத்தோட்டம் செய்வோர் வினவுவதுண்டு. பல வேளைகளிற் குறை பசளையிலன்று. பூசணியின் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறானவை; மகரந்தத்தைக் கொண்டுசெல்லத் தேனீ வேண்டும். விடியலில் மலரும் பூ நண்பகலுக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ வராவிடிற் பிஞ்சு நிலையாது.

நெற்செய்கையாளருக்கும் இதிற் பங்குண்டு. நெல்லுக்குத் தேனீ தேவையில்லையாயினும், கபிலநிறத் தத்தியை அடக்குவன சிலந்திகளும் ஊசித்தும்பி போன்ற இரைகொல்லிப் பூச்சிகளுமே. கண்டபடி மருந்து தெளித்தால் இவை முன்னர் மடியும். தத்தி பின்னர் முன்னிலும் பெருகும்.

நகரத்தார் நுளம்புக்கு அஞ்சிப் பூஞ்செடிகளையும் வெட்டுகின்றனர். 2017 இல் இலங்கையில் 186,000 இற்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர், அச்சம் நியாயமானதே. ஆனால் டெங்கு நுளம்பு பெருகுவது சிரட்டை, தயர், கூரைப்பீலி, பூச்சாடித் தட்டு ஆகியவற்றிற் தேங்கும் நீரில். அவற்றைக் கிழமைக்கொருமுறையேனும் வெறுமையாக்குக. துளசியையும் தும்பையையும் விட்டுவிடுக. கொழும்பின் சதுப்பு நிலங்களில் வளரும் தும்பிக் குஞ்சுகள் நுளம்புக் குடம்பிகளை உண்பன. 2018 இல் றாம்சார் ஈரநில நகராக ஏற்கப்பட்ட கொழும்புக்கு இச்சதுப்புகள் பெருஞ் செல்வமாகும். கறிவேப்பிலையிலும் தேசியிலும் காணும் புழுவையெல்லாம் நசுக்கிவிட்டு, வண்ணத்துப்பூச்சி குறைந்ததென முறையிடுவோரும் உளர்!

கணக்கெடுக்கக் கொப்பியும் பென்சிலும் போதும். ஒரே பாத்தியருகே, மழையற்ற காலையில், ஏழு மணியளவிற் பத்து நிமிடம் நிற்க. தேனீ, கருவண்டு, வண்ணத்துப்பூச்சி, ஏனையவை என நான்கு நிரல்கள் இட்டு, பூவில் அமருந்தோறும் ஒரு கோடு இடுக. ஒரே தேனீ இருமுறை வந்ததோ என மயங்கவேண்டாம், எண்ணுவது வருகையையே. வெயிலா, மேகமூட்டமா என்பதையும் குறிக்க. ஒரு கிழமைக் கணக்காற் பயன் சிறிது. பருவமழைக் காலங்கள் இரண்டையும் கடந்த ஓராண்டுக் குறிப்பே உண்மையைக் காட்டும். தேனீ வருகை குறைந்துவரின், அயலிற் தெளித்த மருந்து யாதென விசாரிக்க. அதுவரை, அதிகாலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் சூலகமுடியில் மெல்லத் தடவுக.

மருந்து தவிர்க்க முடியாதாயிற் பூசணிக்கு மாலையிற் தெளிக்கலாம். புடோலும் சுரையும் மாலையிற் பூத்து அந்துப்பூச்சிகளை அழைப்பனவாதலால் அவற்றிற்கு இவ்விதி பொருந்தாது. இவை பூசணியுடன் கலந்து நிற்கும் சிறு தோட்டத்தில், இலை தின்னும் வண்டுகளைக் காலைக் குளிரிற் கையாற் பிடித்துச் சவர்க்கார நீரில் இடுதலே நன்று.