உங்கள் பெயரில் ஓர் இமெயில் முகவரி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டால் நாம் செய்கிற முதல் வேலை ஓர் இமெயில் கணக்கு தொடங்குவதுதான். பெரும்பாலும் ஜிமெயில். இல்லாவிட்டால் அவுட்லுக் அல்லது யாஹூ. காசு கேட்பதில்லை, ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு அந்த முகவரியைத்தான் வங்கியில் கொடுக்கிறோம், ரயில் டிக்கெட் பதிவில் கொடுக்கிறோம், வருமான வரி இணையதளத்தில் கொடுக்கிறோம், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதுகிறோம். எந்தத் தளத்தில் பாஸ்வேர்டு மறந்தாலும் புதிய பாஸ்வேர்டுக்கான லிங்க் வந்து விழுவது அந்த இன்பாக்ஸில்தான். ஆக, பத்து வருடத்தில் அது வீட்டுச் சாவிக்குச் சமமாகிவிடுகிறது.

அந்த முகவரி உங்களுடையதா? இல்லை. @ குறிக்கு இடது பக்கம் இருப்பது நீங்கள் வைத்த பெயர். வலது பக்கம் இருப்பது நிறுவனத்தின் பெயர். வலது பக்கம் யாருடையதோ முகவரியும் அவருடையதுதான். நாம் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வாடகையும் கொடுக்காததால் சண்டை போடவும் வழியில்லை.

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்து வருடமாக ஒரே இலவச முகவரி. பென்ஷன் கடிதங்கள், வெளிநாட்டில் இருக்கும் மகள் அனுப்பிய பேரன் படங்கள் எல்லாம் அதில்தான். புதிய லேப்டாப் வாங்கி லாகின் செய்தார். பாஸ்வேர்டு சரி. ஆனால் "இது நீங்கள்தானா?" என்று கேட்டு, பழைய மொபைல் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியது அந்தத் தளம். அந்த சிம்மை அவர் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு வருடக்கணக்காகிறது. நம் நாட்டில் பயன்படுத்தாமல் கிடக்கும் எண்களை மொபைல் நிறுவனங்கள் துண்டித்து, பின்னர் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அவருடைய ஓடிபி முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. பேசிப் பார்க்கலாம் என்றால் வாடிக்கையாளர் சேவை எண் கிடையாது. படிவம் நிரப்பி அனுப்பினால் தானியங்கிப் பதில் வந்தது, அதே பதில் மூன்று முறை. கடைசியில் புது முகவரி தொடங்கி, வங்கிக்கு நேரில் போய் எழுதிக்கொடுத்தார். பேரன் படங்கள் போனது போனதுதான்.

நிறுவனங்களும் தங்கள் விதிகளை மாற்றுகின்றன. யாஹூ 2021 ஜனவரியில் இலவசக் கணக்குகளுக்குத் தானாக மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் வசதியை நிறுத்தியது. இரண்டு வருடம் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. ஜியோசிட்டீஸ் 2009-லும், ஆர்குட் 2014-லும், யாஹூ குரூப்ஸ் 2020-லும் மூடப்பட்டன. சேவை மோசம் என்று நான் சொல்லவில்லை. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1-ம் தேதி ஒரு ஜிபி இடத்துடன் வந்தபோது ஏப்ரல் பூல் விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள், அவ்வளவு தாராளம்! ஆனால் கடை நல்ல கடை என்பதற்காக நம் வீட்டுப் பத்திரத்தைக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்போமா?

இதற்கு வழி சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்கிக்கொள்வது. உதாரணத்துக்கு, குமரன்இல்லம்.இன் என்று ஒரு பெயர் வாங்கினால் (டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துக்கள்தான்), அப்பா@குமரன்இல்லம்.இன், அம்மா@குமரன்இல்லம்.இன் என்று வீட்டில் எல்லோருக்கும் முகவரி வைத்துக்கொள்ளலாம். மெயில் எந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் வந்து சேரவேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்வீர்கள். பிடிக்காவிட்டால் நிறுவனத்தை மாற்றலாம், முகவரி மாறாது. 2011-ல் நாடு முழுக்க வந்த மொபைல் எண் போர்ட்டபிலிட்டி போலத்தான்: எண் அதே, கம்பெனி வேறு.

இது எப்படி நடக்கிறது? 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் என்ற ஏற்பாடுதான் காரணம். இதை இன்டர்நெட்டின் டெலிபோன் டைரக்டரி என்று சொல்லலாம். உங்களுக்கு யாராவது மெயில் அனுப்பினால், அவருடைய மெயில் சர்வர் முதலில் டிஎன்எஸ்ஸிடம் "குமரன்இல்லத்துக்கு வரும் கடிதங்களை யார் வாங்கிக்கொள்கிறார்கள்?" என்று கேட்கும். அதற்குப் பதிலாக இருக்கும் வரியின் பெயர் எம்எக்ஸ் ரெக்கார்டு. அந்த ஒரு வரியை மாற்றினால் மெயில் போகும் இடமும் மாறிவிடும். விஷயம் முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

பெயர் வாங்குவது

டொமைன் பெயர்களை விற்பவர்களை ரெஜிஸ்ட்ரார் என்பார்கள். டாட் இன் பெயர்களை நிக்ஸி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது, அதன் அங்கீகாரம் பெற்ற ரெஜிஸ்ட்ரார்கள் பலர் இருக்கிறார்கள். சாதாரணமாக வருடத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் ஆகும். முதல் வருடத்துக்கு மட்டும் மிகக் குறைந்த விலை போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காதீர்கள், இரண்டாம் வருடத்தின் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். போனில் ஒரு வங்கி ஊழியரிடம் சொன்னால் ஒரே தடவையில் சரியாக எழுதிக்கொள்வாரா? இடையில் கோடு, எண்கள், இரட்டை எழுத்துக்கள் உள்ள பெயர்களைத் தவிருங்கள். தமிழ் எழுத்திலேயே ".இந்தியா" என்று முடியும் பெயர்களும் கிடைக்கின்றன. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பல தளங்களின் படிவங்கள் அத்தகைய இமெயில் முகவரியை இன்னும் ஏற்பதில்லை. எனவே முதல் முகவரிக்கு அது வேண்டாம்.

மிக முக்கியமான விஷயம்: பதிவை உங்கள் பெயரில், உங்கள் கார்டில், நீங்களே செய்யுங்கள். கம்ப்யூட்டர் சென்டர் தம்பியிடம் சொன்னால் அவர் நல்ல மனதோடுதான் செய்து கொடுப்பார், ஆனால் தன் கணக்கிலேயே பதிவு செய்துவிடுவார். நாளைக்கு அவர் சென்டரை மூடிவிட்டு துபாய் போய்விட்டால் டொமைனும் அவரோடு போய்விடும்.

மெயில் சேவையை இணைப்பது

டொமைன் என்பது பெயர் மட்டும்தான். மெயிலை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு சேவை தேவை. சென்னையில் வளர்ந்த ஜோஹோ, ஆஸ்திரேலியாவின் பாஸ்ட்மெயில், சுவிட்சர்லாந்தின் புரோட்டான் ஆகியவை சொந்த டொமைனை ஏற்றுக்கொள்கின்றன. பாஸ்ட்மெயிலிலும் புரோட்டானிலும் இதற்குக் கட்டணம் உண்டு. இலவசத் திட்டம் இருந்தால் அதில் தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் மெயில் எடுக்க அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். கூகுளும் மைக்ரோசாப்டும் கூடக் கட்டணத்துக்கு இந்த வசதியைத் தருகின்றன. டொமைன் உங்களுடையதாக இருக்கும்வரை அங்கேயே இருப்பதிலும் தவறில்லை, வேண்டும்போது வெளியே வரலாம்.

சேவையில் சேர்ந்து "டொமைனைச் சேர்" என்பதைக் கிளிக் செய்தால் சில வரிகளைக் காட்டும். இன்னொரு டேபில் ரெஜிஸ்ட்ராரின் தளத்தைத் திறந்து, டிஎன்எஸ் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போங்கள். முதலில் டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு. அடுத்து எம்எக்ஸ். பெயர் என்ற கட்டத்தில் @ என்று போட்டால் அந்த டொமைனையே குறிக்கும். ஏற்கெனவே அங்கே ரெஜிஸ்ட்ரார் வைத்த எம்எக்ஸ் வரிகள் இருந்தால் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி மெயில் அங்கே போகும். பக்கத்தில் உள்ள எண் முன்னுரிமை. சிறிய எண்ணுக்குத்தான் முதல் இடம்.

பிறகு எஸ்பிஎப், டிகேஐஎம் என்று இரண்டு. உங்கள் பெயரில் வேறு யாரும் போலியாக மெயில் அனுப்புவதைக் கண்டுபிடிக்க இவை உதவும். எதற்கு இந்தத் தொல்லை என்று விட்டுவிடாதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புபவர் எல்லோருக்கும் இவற்றில் ஒன்றாவது வேண்டும் என்று விதித்துள்ளன. இல்லையென்றால் நீங்கள் அனுப்புவது ஸ்பாமில் விழும் அல்லது திரும்பி வரும். எதையும் கையால் டைப் செய்யாமல் காப்பி, பேஸ்ட் செய்யுங்கள். எஸ்பிஎப் வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கவேண்டும்.

மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவச் சில நிமிடங்களும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். பிறகு நண்பருக்கு ஒரு மெயில் அனுப்பி, பதில் போடச் சொல்லிப் பாருங்கள்.

"மெயில் சர்வரையே வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். வீட்டு இணைப்புகளிலிருந்து வரும் மெயிலைப் பெரிய நிறுவனங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். மெயில் போகிற போர்ட் 25-ஐப் பல இன்டர்நெட் நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன.

பழைய வீட்டைக் காலி செய்வது

அவசரம் வேண்டாம். ஜிமெயிலில் இருப்பவர்கள் கூகுள் டேக்அவுட் மூலம் எல்லா மெயிலையும் ஒரே பைலாக இறக்கி ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் தண்டர்பேர்டில் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஐமேப் முறையில் சேர்த்து, போல்டர்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுத்து விடலாம். பிறகு முகவரியை மாற்றுங்கள்: முதலில் வங்கி, அடுத்து வருமான வரி, இன்சூரன்ஸ், ரயில் டிக்கெட். ஒரு நோட்டில் எழுதி, முடிந்ததை டிக் செய்யுங்கள். பழைய கணக்கை அழிக்காதீர்கள். மறந்துபோன ஏதோ ஒரு தளம் ஒன்றரை வருடம் கழித்து அங்கேதான் கதவைத் தட்டும். மாதம் ஒரு தடவை லாகின் செய்து பாருங்கள். சொந்த டொமைன் வேண்டாம் என்று நினைப்பவர்கள்கூட அதில் உள்ள மொபைல் எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே சரிபாருங்கள்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்து உண்டு. புதுப்பிக்க மறந்தால் பெயர் கைவிட்டுப் போகும். 1999 டிசம்பரில் மைக்ரோசாப்டே பாஸ்போர்ட்.காம் பெயருக்கு 35 டாலர் கட்ட மறந்து, ஹாட்மெயில் லாகின் தடுமாறியது. ஒரு லினக்ஸ் புரோகிராமர் தன் கார்டில் அந்தப் பணத்தைக் கட்டிக் காப்பாற்றினார். நமக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். கைவிட்டுப்போன பெயரை வாங்குபவருக்கு உங்கள் வங்கியின் மெயிலும் போகும், பாஸ்வேர்டு மாற்றும் லிங்கும் போகும். அதனால் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள் (பத்து வருடம் வரை கட்டலாம்). ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்கள். அந்தக் கணக்கில் அதே டொமைனின் முகவரியைக் கொடுக்காமல் உங்கள் பழைய இலவச முகவரியைக் கொடுங்கள். டொமைன் முடங்கினால் எச்சரிக்கை மெயில் வேறெங்கே வரும்?

ரெஜிஸ்ட்ரார் பெயர், யூசர் நேம், காலாவதித் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இன்சூரன்ஸ் பாலிசிகள் இருக்கும் பீரோவில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தத் தாள் இருக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள்.