பழைய ரேடியோவுக்குள் புதையல் இல்லை

காயல்பட்டினம் கொழும்பில் கடை வைத்துப் பிழைத்த ஊர். பிறகு வளைகுடாவுக்கும் போன ஊர். பழைய வீட்டுப் பரணில் ஒரு பிலிப்ஸ் வால்வு ரேடியோவோ ஜெர்மனியின் கிரண்டிக்கோ அகப்பட்டால் வியப்பில்லை. அதைச் சேகரிக்க ஆள் உண்டு. அவர்களுக்கு முன்னால் வந்து சேர்வது கட்டுக்கதை.

நம்பிக்கை: வால்வுக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது, பல லட்சம் பெறும்.

அப்படி ஒரு பொருளே இல்லை. 2009இல் சவூதி அரேபியாவில் இதே புரளி சிங்கர் தையல் மெஷின் மேல் கிளம்பியது. ஒரு மெஷினுக்கு 2 லட்சம் ரியால் வரை விலை பேசினார்கள். சிவப்புப் பாதரசம் பூண்டைக் கண்டால் விலகும், கண்ணாடியில் பிம்பம் விழாது என்று சோதனை வேறு சொல்வார்கள்! வால்வின் உட்புறத்தில் வெள்ளி மாதிரி மின்னுகிறதே, அதுதான் பார்ப்பவரை மயக்குகிறது. அது பேரியம் படலம். குழாயில் மிஞ்சும் காற்றை உறிஞ்சுவதற்காக ஏற்றியது. கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் படலம் பால் வெள்ளையாகிவிடும், வால்வு செத்துவிட்டது என்று பொருள். சிவப்பாகத் தெரிவது சூடேறிய இழை. உடைத்துப் பார்த்தால் கண்ணாடித் தூள்தான் மிச்சம். நல்ல வால்வும் போச்சு.

நம்பிக்கை: பிளக்கைச் செருகிப் பார்த்தால் ஓடுமா ஓடாதா தெரிந்துவிடும்.

பல செட்டுகள் இப்படித்தான் கருகின. பல வருஷம் சும்மா கிடந்த கண்டன்சர் கசியும். அதோடு டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும், பிளக்கை எடுத்த பிறகும் கண்டன்சரில் தங்கும். ஏசி/டிசி செட்டுகளில் அடிச்சட்டமே மின்கம்பியோடு சேர்ந்திருக்கும், தொட்டால் ஷாக். கடற்காற்றுத் துரு தனிக் கணக்கு. முதலில் கண்டன்சரை மாற்றத் தெரிந்த மெக்கானிக், பிறகுதான் கரண்ட்.

நம்பிக்கை: ஐரோப்பிய செட் என்றால் எல்லா ஸ்டேஷனும் எடுக்கும்.

அதிலுள்ள லாங் வேவில் நம் நாட்டு நிலையம் எதுவும் கிடையாது. 1950களின் பல ஜெர்மன் செட்டுகளில் எப்.எம். 100 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸுக்கு மீடியம் வேவே போதும். சேகரிப்பவர் மயங்குவது வேறு விஷயங்களில்: ஹில்வர்சம், லக்சம்பர்க் என்று ஊர்ப்பெயர் அச்சிட்ட டயல் கண்ணாடி, ஸ்டேஷன் சரியாகப் பிடிபடும்போது பச்சை ஒளி நெருங்கிக் கூடும் 'மேஜிக் ஐ'. டயல் உடைந்தால் விலை பாதாளத்துக்குப் போகும்.

நம்பிக்கை: வார்னிஷ் அடித்துப் புதுசாக்கினால் விலை ஏறும்.

இறங்கும். அசல் திருகு, அசல் துணி, பின்பலகை, இவைதான் மதிப்பு. 1980களின் நடுப்பகுதி வரை தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புதுப்பித்த ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கூடவே இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

வால்வை மட்டும் கழற்றிக் கேட்கிற ஆளுக்கும், 'சோதனைச் செலவு' என்று முன்பணம் கேட்கிற ஆளுக்கும் கதவைத் திறக்காதீர்கள், காக்கா. வாங்குகிறவர் பெட்டியோடு வாங்கட்டும்.