பாகுநிலையும் கச்சா எண்ணெயும்

கல்வராயன் மலையடிவாரத்துக் கரும்பு வயல்களை ஒட்டி வெல்லம் காய்ச்சுவோர், பாகின் பதத்தை அறியக் கருவி எதனையும் நாடுவதில்லை. அகப்பையினின்று அது வடியும் விரைவும் விரலிடையே நீளும் கம்பியுமே அவர்கட்குப் போதும். ஓட மறுக்கும் இத்திரவப் பண்பினையே இயற்பியலார் 'பாகுநிலை' என்பர். இதனினும் பொருத்தமான கலைச்சொல் அரிது. அடுப்படியிலிருந்து எழுந்து ஆய்வுக்கூடம் புகுந்த சொல் அது!

கச்சா எண்ணெய்க்கும் பதம் பார்த்தல் வேண்டும். கல்வராயனின் தொன்மையான கடும்பாறைகளில் எண்ணெய் இல்லை; கிழக்கே காவிரிப் படுகையின் படிவுப் பாறைகளில் உண்டு. அங்கு நரிமணத்தில் 1993இல் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. எந்த எண்ணெயாயினும், கிணற்றினின்று எளிதில் மேலேறுமா, குழாயில் தடையின்றி ஓடுமா என்பதைப் பாகுநிலையே பெரிதும் முடிவு செய்கிறது.

இதனைத் தொடாமலே அறியும் வழி அணுக்கருக் காந்த ஒத்திசைவு. பர்செல், பிளாக் ஆகியோர் 1946இல் தனித்தனியே கண்டறிந்த இந்நெறிக்கு 1952இல் நோபல் பரிசு கிடைத்தது. எண்ணெயிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சிறு பம்பரங்களை ஒத்தவை. காந்தப் புலத்தில் அவற்றை வைத்து, வானொலி அலைத் துடிப்பொன்றால் சாய்த்துவிட்டால், அவை மெல்லிய குறிப்பொன்றை எழுப்பிப் படிப்படியே அடங்கும். குறிப்பின் தொடக்க வலிமை ஹைட்ரஜனின் அளவைச் சொல்லும். அடங்கும் காலமோ பாகுநிலையைச் சொல்லும். நீர்த்த எண்ணெயில் மூலக்கூறுகள் தடையின்றிப் புரள்வதால் குறிப்பு நெடிது நிற்கும். கெட்டி எண்ணெயில் விரைந்து மடியும். கச்சா எண்ணெய்களில் இத்தொடர்பினை ஆய்ந்து பிரவுன் என்பார் 1961இல் வெளியிட்டார்.

ஆயினும் ஒன்றை மாணவர்கள் மறத்தலாகாது: கருவி அளப்பது காலத்தையே, பாகுநிலை அதிலிருந்து கணிக்கப்படுவது. வெப்பநிலையும் கரைந்துள்ள வாயுவும் கணக்கை மாற்றும். தார்போன்ற எண்ணெயிலோ, கருவி செவிசாய்க்குமுன்பே குறிப்பு அடங்கிவிடுதலும் உண்டு.

இந்நெறி நம் உழவர்க்கு அயலானதன்று. புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த திவாரி குழுவினர், விதைகளிலுள்ள எண்ணெயை இம்முறையால் அளந்து 1974இல் வெளியிட்டனர். உலர்ந்த விதையில் பிணைப்புண்ட நீரின் குறிப்பு முதலில் மடிய, எண்ணெயின் குறிப்பு எஞ்சி நிற்கும்; அதுவே அளவு. செக்கிலிட்டோ கரைப்பானில் ஊறவைத்தோ பார்த்தால் அவ்விதை அத்துடன் அழிந்தது. இம்முறையிலோ, எண்ணெய் மிகுந்ததெனத் தேர்ந்த அதே நிலக்கடலைப் பருப்பினை எடுத்துச் சென்று விதைத்துவிடலாம்.