மாஞ்சோலை அறிக்கையைப் படித்தேன்

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் வாசிப்பு வட்டத்தின் மாஞ்சோலை அமர்வு அறிக்கை வந்து சேர்ந்தது. படித்த கையோடு எழுதுகிறேன். ஆறப்போட்டால் கோபம் தணிந்துவிடும். முகப்பில் என்னை ‘அண்ணாச்சி’ என்று போட்டு நன்றி சொல்லியிருக்கிறாய். உன் அப்பாவுக்கே நான் அண்ணாச்சி. போகட்டும்.

பயிற்சித் துறையில் இருப்பவர்கள் ஏன் கூடிப் படிக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தால் பேச்சு ஓடும் என்பதெல்லாம் நாம் பேசி முடித்தவை. நேராக ‘எரியும் பனிக்காடு தரும் ஐந்து பாடங்கள்’ என்று நீ கட்டம் கட்டிப் போட்டிருக்கிற பக்கத்துக்கு வருகிறேன். அதில் மூன்றாவது பாடம்: ஆட்களைச் சேர்ப்பதிலும் தக்கவைப்பதிலும் மேஸ்திரி காட்டும் திறமை.

அடிப் பாவி! பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர். அங்கே ஜனங்கள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்து, சங்கம் கட்டப் பாடுபட்டு, கடைசியில் 1969இல் ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் இந்த நாவலை வெளியிட்டார். அதைத்தான் இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். கதையில் வரும் கருப்பனும் வள்ளியும் நம்ம சீமையில் மயிலோடைக்காரர்கள். முன்பணத்தை நீட்டி மேஸ்திரி அவர்களை வால்பாறைக்கு ஏற்றிவிடுகிறான். ஏறினவர்களை இறங்கவிடாமல் பிடித்து வைத்தது கடன். உழைக்கிற ஆள் ஒவ்வொருவர் பேரிலும் அவனுக்குக் கமிஷன் உண்டு, அப்புறம் அந்தக் கடன் எங்கே தீரும்? இதைப் போய் நீ திறமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறாய். புத்தகத்தைப் படித்தவள் நீ. படித்த பிறகும் உன் கை ஏன் அப்படி எழுதியது என்று யோசித்துப் பார்த்தேன். ஐந்து வேண்டியிருந்தது, நான்குதான் கிடைத்தது, அவ்வளவுதான் விஷயம்.

இந்த ஐந்து பாட வியாதி நம் தொழிலுக்கே பிடித்தது. திருக்குறளைக் கொடுத்தாலும் ஐந்து, ஒரு டாக்டர் ரத்தம் கொதித்து எழுதிய நாவலைக் கொடுத்தாலும் ஐந்து. கட்டத்துக்குள் பாடம் கிடைத்துவிட்டால் அப்புறம் புத்தகத்தை எவன் திறப்பான்? வந்தவர்களில் பாதிப் பேர் நாவலை முடிக்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். முடிக்காதவர்களுக்காக ப்ரொஜெக்டரில் கதைச் சுருக்கம் காட்டினாயாம். அதனால்தான் அவர்கள் முடிக்கவில்லை! அடுத்த மாதமும் சுருக்கம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று இதைவிட மோசம். கடைசிப் பக்கத்தில், சாப்பாட்டு ஏற்பாட்டுக்கும் குரூப் போட்டோவுக்கும் நடுவில், ‘உள்ளூர்ப் பெண்மணி ஒருவரும் தம் கருத்தைத் தெரிவித்தார்’ என்று ஒரு வரி. என்ன கருத்து? எழுதவில்லை. உங்கள் வேன் டிரைவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவர் புத்தகம் படிக்காதவர், அதனால் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

நீங்கள் டீக்கடை ஓரமாக உட்கார்ந்து கொழுந்து எடுக்கும் இடத்தை வாசித்தபோது அந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றாராம். ஆயுசு பூராவும் கொழுந்து எடுத்தவர். “கொழுந்தைக் கண்ணால பார்த்து எடுத்தா பொழுது போயிரும், எடை நிக்காது. விரல்தான் பார்க்கணும். கண்ணு அடுத்த செடியில இருக்கணும்” என்று சொல்லி, சும்மா காற்றிலேயே இரண்டு கையாலும் எடுத்துக் காட்டினாராம். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று டிரைவர் கேட்டதற்கு, “எங்கம்மை தன் நிரைக்குப் பக்கத்து நிரையில என்னைய விட்டா. நான் முத்தல் இலையைக் கிள்ளினா ஒண்ணும் சொல்ல மாட்டா, எடுத்துக் கீழ போட்டுருவா” என்று பதில்.

மகளே, வேலைத்தலத்தில் மனுஷன் எப்படிக் கற்றுக்கொள்கிறான் என்பதுதானே உங்கள் பிழைப்பு? அன்றைக்கு மலைமேல் அந்தப் பொருளில் அறிந்து பேசியவர் அவர் ஒருவர்தான். அவரை ஒரு வரியில் முடித்துவிட்டு மேஸ்திரிக்கு ஒரு கட்டம் கொடுத்திருக்கிறாய்.

அதுவும் எந்த ஊரில் நின்றுகொண்டு! 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா கம்பெனி 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அதன் மேல் தலைமுறைகள் வாழ்ந்தன. 1999 ஜூலை 23இல் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போய்த் தாமிரபரணியில் 17 உயிரைப் பறிகொடுத்த ஜனம். 2024 ஜூனில் தோட்ட வேலையே நின்றது. லைன் வீடுகளைக் காலி செய்துகொண்டு ஆளுக்கு ஒரு திசையாக இறங்கத் தொடங்கினார்கள். அந்த விரல் வித்தையை இனி யார் யாருக்குக் கற்றுக்கொடுக்க? உன் அறிக்கையில் பனிமூட்டம் இருக்கிறது, அட்டைக்கடி இருக்கிறது, இந்த ஜனத்தின் கதை இல்லை.

நான் நூற்பாலையில் தொழிலாளர் ஆசிரியராக இருந்த கதையை நீ கேட்டிருக்க மாட்டாய். 1958இல் மத்தியத் தொழிலாளர் கல்வி வாரியம் தொடங்கினார்கள், தலைமையகம் நாக்பூர். கல்வி அதிகாரிகள் எங்களைப் போன்ற தொழிலாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். நாங்கள் எங்கள் ஆலைக்குத் திரும்பி வந்து மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து கேன்டீனில் வகுப்பு. பாதிப் பேருக்குக் கண் சொருகும். ஒரு நாள், வேறு வழி தெரியாமல், ஆலைக் கையேட்டில் அறுந்த இழையை ஒட்டும் முறை பற்றிய பக்கத்தை உரக்க வாசித்தேன். நூற்பு ஃப்ரேமைப் பார்த்துக்கொள்ளும் சைடர் ஒருவர் எழுந்தார். “இதை எழுதினவரு ஒரு நாளாவது ஃப்ரேம் முன்னால நின்னிருக்காரா?” பிடித்துக்கொண்டது பாரு சண்டை! இடது கை முதலில் போகுமா, வலது கை போகுமா என்று ராத்திரி வரை ஓடியது. அந்தப் பக்கத்தையே அவர்கள் திருத்தி எழுதினார்கள். தனியாக வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தால் அந்தக் கையேடு கடலை மடிக்கப் போயிருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கிறுக்கு: உரக்க வாசிக்க வேண்டும். நீ சிரிப்பாய். 1860களில் ஹவானாவில் சுருட்டுத் தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து காசு பிரித்து, வாசிப்பதற்கென்றே ஓர் ஆளை மேடையில் உட்காரவைத்தார்கள். எந்தப் புத்தகம் என்பதும் அவர்கள் முடிவுதான். துய்மாவின் மாண்டி கிறிஸ்டோ கதை பிடித்துப்போய் அந்தப் பேரில் ஒரு சுருட்டே வந்துவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன், கண்ணூர்ப் பக்கம் பீடிக் கம்பெனிகளில் ஒருவர் பேப்பர் வாசிப்பார், அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். நம் வண்ணார்பேட்டையில் டி.கே.சி.யின் வட்டத்தொட்டி என்ற இலக்கிய வட்டம் என்ன செய்தது? ஒரு கம்பன் பாட்டை அவர் வாய்விட்டுச் சொல்வார், திரும்பவும் சொல்வார், அனுபவிப்பார்கள். பாளையங்கோட்டையில் நா. வானமாமலை டுட்டோரியல் நடத்திக்கொண்டே நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார். கட்டுரையை எழுதியவர் அங்கே எல்லார் முன்னாலும் வாசித்தாக வேண்டும், கேட்டவர்கள் கிழித்தாக வேண்டும். 1969இல் வந்த ‘ஆராய்ச்சி’ இதழுக்குப் பின்னால் இந்தப் பழக்கம் இருந்தது. ப்ரொஜெக்டர் இல்லை.

நீ சோர்ந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன், இதை முகஸ்துதி என்று நினைக்காதே. யார் யார் புத்தகத்தை முடிக்கவில்லை என்று, உன் மேலதிகாரி உட்படப் பட்டியல் போட்டு எழுதியிருக்கிறாயே, அந்தப் பக்கம் அபாரம். பயிற்சித் துறை அறிக்கை என்ற ஜாதியில் இவ்வளவு நேர்மையான பக்கத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. சிமெண்டுக்காரனையும் நூல்காரனையும் டயர்க்காரனையும் ஞாயிற்றுக்கிழமை எழுப்பி, செக்போஸ்டில் அனுமதி வாங்கி, ஒரு நாவலோடு மலை ஏற்றியிருக்கிறாய். எங்கள் காலத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

அடுத்த மாதத்துக்கு டி. செல்வராஜின் ‘தேநீர்’ எடு. அவரும் நம்ம தென்கலத்துக்காரர். முழு நாவலும் வேண்டாம், பத்துப் பக்கம் ஜெராக்ஸ் போதும், வேலை நடக்கிற பக்கமாகப் பார்த்து. அந்த அம்மா எந்த ஊருக்கு இறங்கியிருக்கிறார் என்று டிரைவரிடம் கேள், வண்டி அனுப்பிக் கூட்டி வா. ஒரு நாள் கூலியைக் கவரில் போட்டுக் கையில் கொடுக்க மறந்துவிடாதே. வெளியூர்ப் பயிற்சியாளர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வாசிக்க ஆள் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், அப்புறம் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

அன்புடன்,
உன் அப்பாவின் அண்ணாச்சி