பழவேற்காடு

சென்னை மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலோரத்தில் அமைந்துள்ள ஊர் பழவேற்காடு. அதனை அடுத்து விரிந்து கிடக்கும் ஏரி தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரவியுள்ளது. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்கின்றன; முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகின்றது. இடையே ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு நீண்ட மதில்போல் நிற்கின்றது.

ஊரினுள் செல்வோர் செடியும் கொடியும் முட்புதரும் அடர்ந்த மேடொன்றைக் காணலாம். சிறு காடு போல் தோன்றும் அவ்விடத்தில் பழங்கோட்டை ஒன்றின் சிதைவுகள் மறைந்து கிடக்கின்றன. ஒல்லாந்தர் 1610-ஆம் ஆண்டில் இங்கு வணிக நிலையம் அமைத்தனர். 1612-இல் போர்த்துக்கீசியர் அதனைத் தாக்கினர். மறு ஆண்டில் ஒல்லாந்தர் கோட்டை எழுப்பி, தம் நாட்டுப் பகுதி ஒன்றின் பெயரைத் தழுவிக் 'கெல்திரியா' எனப் பெயரிட்டனர். சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடமாக அது விளங்கிற்று. இங்கிருந்து வண்ணத் துணிகள் கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கப்பலேறின. துணிகள் மட்டுமோ? பஞ்சத்தால் வாடிய ஏழை மக்களும் அடிமைகளாக விற்கப்பட்டுக் கடல் கடந்தனர். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டம் மட்டும் இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. அதன் வாயிலில் கல்லிற் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்கள், செல்வத்தின் நிலையாமையை உணர்த்துவனபோல் நிற்கின்றன.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னர் ஏரி புதுக்கோலம் பூணுகின்றது. பூநாரைகள் கூட்டங்கூட்டமாக ஆழமற்ற நீரில் நிற்கும் காட்சி கண்ணைக் கவரும். அவை வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்றை வடித்து, நுண்ணுயிர்களை உண்கின்றன. கூழைக்கடாக்களும் உள்ளான்களும் உடன் வாழ்கின்றன.

பறவைகளைப் போலவே மீனவரும் ஏரியை நம்பி வாழ்கின்றனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் பழைய முறை உண்டு. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடத்தை ஒருவரே பற்றிக்கொள்ளலாகாது. எவர் எந்நாளில் எங்கு வலையிடுவது என்பதைக் குலுக்கிப் போட்டு முறைவைத்துக் கொள்கின்றனர். வலியோர், எளியோர் என்னும் வேறுபாடு இதில் இல்லை.

எனினும், ஏரிக்கு ஓர் இடர் உண்டு. அலைகள் கொணரும் மணல் முகத்துவாரத்தைத் தூர்த்துவிடுகின்றது. வழி அடைபட்டால் இறாற்குஞ்சுகளும் மீன்களும் உள்ளே வாரா. கோடையில் நீர் வற்றி உப்பு மிகும். அப்போது பங்கிட முறையிருந்தும் பங்கிடப் பொருள் இராது.

தமக்கென்றே பொருள் குவிக்க எழுந்த கோட்டை புதருள் மறைந்தது. பகிர்ந்துண்ணும் முறையோ மீனவரிடையே இன்றும் வாழ்கின்றது. அம்முறை நிலைத்திட ஏரியும் நிலைத்தல் வேண்டும். ஏரியைப் பேணுதல் கரையில் வாழ்வோர்க்கு மட்டுமன்றி, நம் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.