‘டிக் டிக்’ சத்தமும் அப்பாவின் பத்திரங்களும்

கேள்வி: முள்ளுக்குறிச்சியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ படித்தபோது 2013-ல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான் இன்றுவரை கடைக்கு முதல். விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்து வந்தாலும் திரை முழுதாக வந்திருக்காது. ஒரு வாரமாக உள்ளே ‘டிக்... டிக்’ என்று சத்தம் வேறு. ராசிபுரத்தில் ஒரு மெக்கானிக், “இதுக்குச் செலவு பண்ணாதீங்க, காயலான் கடையில போடுங்க” என்கிறார். தம்மம்பட்டியில் இன்னொருவர், “எஸ்எஸ்டி போட்டா பறக்கும்” என்கிறார். இவ்வளவு பழைய மெஷினில் புது எஸ்எஸ்டி பொருந்துமா?

இன்னொன்று. அப்பா பத்திரம் எழுதியவர். இப்போது கண் சரியாகத் தெரியாததால் விட்டுவிட்டார். அவருடைய பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரில் இருபது வருஷத்துப் பத்திர நகல்கள் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் இன்றும் வந்து கேட்கிறார்கள். ஒரு கோப்பை என் லேப்டாப்புக்குக் கொண்டுவந்து திறந்தால் தமிழ் இல்லை; ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

— வாசகி, முள்ளுக்குறிச்சி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோப்பு கெடவில்லை. அப்பாவின் எழுத்து அப்படியே இருக்கிறது. அதை மீட்பது எப்படி என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அவசர வேலை ஒன்று உண்டு.

ராசிபுரத்துக்காரர் தூக்கிப் போடச் சொன்னார், தம்மம்பட்டிக்காரர் மாற்றிப் போடச் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்று இருவருமே கேட்கவில்லை. அந்த ‘டிக்’ சத்தம், தட்டின்மேல் படிக்கும் முனை எழுத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் பழைய இடத்துக்கே திரும்பித் திரும்பிப் போவதன் சத்தம். இன்னும் எத்தனை முறை அது எழுந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இன்றைக்கே அணைத்துவிடுங்கள். யாராவது ‘ஸ்கேன் டிஸ்க்’ ஓட்டலாம், ‘டிஃப்ராக்’ செய்யலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சாகக் கிடக்கும் தட்டை மணிக்கணக்கில் ஓடவிடுவது அதை விரட்டிக் கொல்வது.

பின்பக்க மூடியைத் திறந்து டிஸ்கைக் கழற்றுங்கள். யூஎஸ்பி-சாட்டா கேபிள் ஒன்று வாங்கி, நல்ல நிலையில் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் இணையுங்கள். கடைக் கணக்கு, வாடிக்கையாளர் கோப்புகள், படங்கள் என்று முக்கியமானதை முதலில் நகலெடுங்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில் போதும். மாற்றுக் கம்ப்யூட்டரில் டிஸ்க் தெரியவே இல்லையென்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் அது தரவு மீட்பவர் கையில் போகவேண்டிய வேலை. உள்ளிருப்பது அந்தச் செலவுக்குத் தகுமா என்று நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

இப்போது வேகத்துக்கு வருவோம். உங்கள் ஊரிலிருந்து மலைக்குப் போகிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். காரவள்ளி வழியாக கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸின் எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒவ்வொரு வளைவிலும் நின்று திரும்பித்தான் ஏறவேண்டும். நேரம் தூரத்தில் போவதில்லை, வளைவில் போகிறது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். அது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லி வினாடி. கூட்டிப் பார்த்தால், வினாடிக்கு அறுபது தடவைக்கு மேல் அதனால் இடம் மாறி எடுக்க முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை இங்குமங்கும் தேடுகிறது. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே இல்லை. ஒரு துண்டை எடுக்க ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். தம்மம்பட்டிக்காரர் சொன்ன ‘பறக்கும்’ அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். டீக்கடைக்குப் போய்வர நேரம் இருக்காது, அவ்வளவுதான்.

பொருந்துமா? பொருந்தும். வாங்கும்போது மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது இணைப்பு. 2013 மடிக்கணினிக்கு வேண்டியது 2.5 அங்குல ‘சாட்டா’ எஸ்எஸ்டி. சூயிங்கம் பட்டை போல நீளமாக இருக்கும் ‘எம்.2’, ‘என்விஎம்இ’ வகைகளுக்கு அதில் இடமில்லை. புதிது என்று கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெட்டியில் ‘சாட்டா 3’ என்று எழுதியிருக்கும். உங்கள் மெஷின் ‘சாட்டா 2’ ஆக இருந்தாலும் கவலையில்லை, இரண்டும் ஒத்துப்போகும். வேகம் வினாடிக்கு 300 எம்பிக்குள் நிற்கும். பழைய தட்டு நூறைத் தாண்டுவதே அரிது.

இரண்டாவது கனம். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் என்றால் எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்கவேண்டும். பல பெட்டிகளில் அதுவும் கூடவே வரும்.

மூன்றாவது பயாஸ். அதில் சாட்டா முறை ‘ஏஎச்சிஐ’ என்று இருக்கட்டும், அதையும் ஓஎஸ் போடுவதற்கு முன்பே சரிபாருங்கள். போட்ட பிறகு மாற்றினால் நீலத்திரை வந்து நிற்கும். நோயுள்ள டிஸ்கை அப்படியே ‘குளோன்’ செய்ய வேண்டாம். அதிலிருக்கும் கோளாறும் கூடவே வரும். புதிதாக ஓஎஸ் போட்டு, எடுத்துவைத்த கோப்புகளைப் பிறகு சேருங்கள். 240 அல்லது 256 ஜிபி உங்கள் கடைக்குத் தாராளம்.

ரேமுக்கும் ஒரு வார்த்தை. 2 ஜிபியை 4 ஆக்கினால் இணையம் திறக்கும்போது மூச்சு முட்டாது. உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போங்கள். உங்களுடையது டிடிஆர்3 ஆக இருக்கும்; அதிலேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு. டிடிஆர்4 பள்ளத்தில் உட்காரவே உட்காராது. இன்னொரு சூட்சுமம்: உங்கள் விண்டோஸ் 7 ‘ஸ்டார்ட்டர்’ என்றால் எவ்வளவு ரேம் போட்டாலும் 2 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. 32 பிட் என்றால் 4 ஜிபி வரைதான்.

அடுத்து ஓஎஸ். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ல் நின்றன. குரோம் உலாவி 2023 தொடக்கத்தில் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சில்லு உங்கள் மெஷினில் இருக்காது. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறேன் என்பவரை நம்பிக் கடை நடத்த முடியாது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் மடிக்கணினிகள் போயின. அவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தது நினைவிருக்கும். சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அன்று நாம் திறந்தே பார்க்காத அந்தக் கதவு இப்போது உதவும். லினக்ஸ் மின்ட்டின் ‘எக்ஸ்எஃப்சிஇ’ பதிப்பு 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும்.

அவசரப்பட்டு நிறுவிவிடாதீர்கள். பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா? கைரேகைக் கருவி வைத்திருந்தால் அது வேலை செய்கிறதா? ஜெராக்ஸ் கடைக்கு உயிரே அவைதான். கைரேகைக் கருவி விண்டோஸில் மட்டும் ஓடும் வகை என்றால், அந்த வேலைக்கு இந்த மெஷின் இனி உதவாது. இதை எழுதுவதற்கும் தட்டச்சுக்கும் வைத்துக்கொண்டு, மற்றதற்கு ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷின் பாருங்கள். எஸ்எஸ்டி, ரேம் விலைகள் ஏறி இறங்குகின்றன. இரண்டு கடையில் கேட்டுக் கூட்டிப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் ராசிபுரத்துக்காரர் சொன்னதுதான் சரி.

இனி அப்பாவின் கம்ப்யூட்டர். அதை வேகமாக்க வேண்டாம். எழுந்து நின்றால் போதும். தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருஷத்துக்குப் போனால் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். அகலப் பட்டை கேபிள் இருந்தால் அது ஐடிஇ டிஸ்க். அதற்குத் தனி யூஎஸ்பி மாற்றி கிடைக்கும். பழையதற்குப் பதிலாகப் பெரிய டிஸ்க் வாங்கிப் போட நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: முதல் சர்வீஸ் பேக் போடாத எக்ஸ்பி 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. இடத்தைக் குறிக்க 28 பிட் எண்ணையே அது பயன்படுத்துவதால் வந்த எல்லை அது. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரை இணையத்தில் இணைக்கவே வேண்டாம்.

எழுத்துக் கோளாறுக்குக் காரணம் இதுதான். அன்று ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் விருப்பப்படி தமிழை உட்காரவைத்தது. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்பில் விழுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இருக்கும் மெஷினில் அது ‘அம்மா’. இல்லாத மெஷினில் வெறும் கிறுக்கல். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று பொதுக் குறியீடுகள் வந்தன. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது, தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அப்பாவின் கோப்புகள் அதற்கு முந்தைய முறையில் அடித்தவை.

எனவே எக்ஸ்பியில் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டர் முழுவதையும் முதலில் நகலெடுங்கள். பலர் கோப்பை எடுத்துக்கொண்டு எழுத்துருவை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்து, அந்தக் கம்ப்யூட்டரிலேயே பத்திரங்களைப் பிடிஎஃப் ஆக மாற்றுங்கள். எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும், எங்கும் தமிழாகவே தெரியும். திருத்தவும் தேடவும் வேண்டுமென்றால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியால் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் மாற்றிக்கு நிதானம் கிடையாது. நடுவில் வரும் ஆங்கிலப் பெயரையும் தமிழென்று எண்ணி மாற்றித் தள்ளிவிடும். சர்வே எண், பரப்பு, சக்குபந்தி மூன்றையும் பழைய பிடிஎஃப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் வாசியுங்கள், அப்பா கேட்கட்டும். பிழை இருந்தால் அவர் காதுக்குத் தப்பாது. கேட்டு வருகிறவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: இது தட்டச்சு நகல்தான், சட்டப்படி செல்லும் நகலைப் பதிவுத்துறையிடம்தான் வாங்கவேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு அந்த ‘டிக் டிக்’ டிஸ்க் மேஜையில் கிடக்கும். அதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இத்தனை வருஷம் உங்கள் கடைக்கு வந்தவர்களின் ஆதாரும் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகி அதில்தான் இருக்கின்றன. நகல் சரியாக இருக்கிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். பிறகு யாரையாவது கூப்பிட்டு அதன் நடுவே டிரில்லால் இரண்டு துளை போடச் சொல்லுங்கள். சில தட்டுகள் கண்ணாடி. கண்ணுக்குக் காப்பு போட்டுக்கொள்ளட்டும். அதற்கப்புறம் எடைக்குப் போடலாம்.