வாவியைக் கடக்கும் வழிகள்

உயர்தர வகுப்பில் மட்டக்களப்பின் இடவிளக்கப் படத்தை முதன்முதலாக மேசையில் விரித்தபோது, இது ஊர்ப்படமா நீர்ப்படமா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கடற்கரையை ஒட்டியே கிடக்கிறது. பாடநூல் இதனைக் 'களப்பு' என்கிறது. அந்தச் சொல் எமது மாவட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது.

வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை, அதாவது சூரியன் எழும் கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி ஆகியவை இங்கேதான் உள்ளன. மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. பெரிய வயல்களும் மேய்ச்சல் தரைகளும் அங்கே. நெல் ஒரு கரையில், கடைத்தெரு மறு கரையில். ஆகவே இரு கரையாரும் ஒருவரையொருவர் தேடிக் கடக்க வேண்டியிருந்தது.

நகரமும் தண்ணீருக்குள்ளேதான் தொடங்கியது. 1602 இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கி, இங்கிருந்தே கண்டி மன்னனைக் காணச் சென்றார். 1626 இல், போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைச் செனரத் மன்னன் இப்பகுதியில் குடியேற்றினான். 1628 இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். பத்தே வருடங்களில், 1638 மே மாதத்தில், ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதலாவது போர்த்துக்கேயக் கோட்டை அதுவே. சுற்றிலும் தண்ணீர் என்பதால் தீவு காவலுக்கு நல்ல இடம். ஆனால் போக்குவரத்துக்கு அதே தண்ணீர்தான் தடை.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் வழியாக வரும் ஏ4 வீதி, பின்னர் கரையோரமாக வடக்கே ஏறி மட்டக்களப்பை அடைகிறது. பேரீச்ச மரங்கள் நடுவே நிற்கும் காத்தான்குடிப் பிரதான வீதி அதன் ஒரு துண்டுதான். அது நகரத்துக்குள் நுழையுமுன் கல்லடியில் வாவியைக் கடக்க வேண்டும். 1920களில் கட்டப்பட்ட ஒடுங்கிய இரும்புப் பாலம், லேடி மனிங் பாலம், எண்பது வருடங்களுக்கு மேல் அந்தச் சுமையைத் தாங்கியது. 2013 இல்தான் அதனருகே அகலமான புதிய பாலம் திறக்கப்பட்டது.

மண்முனைத்துறையில் அதுவும் இருக்கவில்லை. அங்கே ஓடியது 'பாதை'. வெளியூர்ச் சகோதரிகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: எமது பகுதியில் பாதை என்றால் வீதி மட்டுமல்ல, ஆட்களையும் சைக்கிளையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவையும்தான்.

எனது உம்மம்மாவின் கணவர் புடவைக் கட்டைச் சைக்கிளில் வைத்துக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய், புடவை கொடுத்து நெல் வாங்கி வருவாராம். "பாதை தவறினா அந்திக்கு அக்கரையிலதான். தெரிஞ்ச ஊட்டுத் திண்ணையில படுத்துட்டு விடியத்தான் வருவார்" என்று உம்மம்மா சொல்வார். அந்தத் திண்ணை ஒரு தமிழ்க் குடும்பத்தினுடையது. யுத்த காலத்தில் அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. வியாபாரத்தை விட அந்த வீட்டாரைக் காணாமல் இருந்ததுதான் அவருக்குப் பெரிய கவலை என்றும் உம்மம்மா சொல்வார்.

பரீட்சையில் இரண்டு இடங்களுக்கிடையே நேர்கோட்டுத் தூரத்தையும் வீதித் தூரத்தையும் அளக்கச் சொல்வார்கள். மண்முனைத்துறையில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் புள்ளிக்கானதல்ல. பாதை ஓடாத இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை, வவுணதீவு, வலையிறவுப் பாலம் என்று வடக்கே சுற்றித்தான் நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும். 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது அந்தச் சுற்று இல்லாமல் போனது.

மிதவையின் ஆபத்து பழங்கதையல்ல. 2021 நவம்பர் 23 ஆம் திகதி, திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில், புதிய பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஓடிய மிதவை கவிழ்ந்தது. இறந்தவர்களில் காலையில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

சென்ற வருடம் உம்மம்மாவை முச்சக்கர வண்டியில் மண்முனைப் பாலத்தின் மேலாகக் கூட்டிச் சென்றோம். நடுவில் நிறுத்தச் சொல்லி, கீழே பழைய துறையடியைத் தேடிப் பார்த்தார். "இவ்வளவு கிட்டவா இருந்த?" என்று கேட்டார்.